பேதி மாத்திரை போடுவதற்கு முன்: மலமிளக்கிகளின் நேரக் கணக்கு

மெடிக்கல் ஷாப்பில் போய் "மூணு நாளா மோஷன் போகல, ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், ஒரு மாத்திரை அட்டையோ ஒரு பாட்டில் சிரப்போ உடனே கைக்கு வந்துவிடும். அதை இரவில் போடுவதா காலையில் போடுவதா, எத்தனை மணி நேரத்தில் வேலை செய்யும், செய்யாவிட்டால் இன்னொன்று போடலாமா, எத்தனை நாளைக்குப் போடலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள், கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் மலமிளக்கியில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே இந்த நேரக் கணக்குதான். ஒவ்வொரு வகை மருந்தும் குடலில் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது, அதற்குப் பிடிக்கிற நேரமும் வேறு வேறு. இது தெரியாமல் அவசரப்பட்டு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத்தான் பல பேர் வயிற்று முறுக்கிலும் பேதியிலும் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், உங்களுக்கு இருப்பது மலச்சிக்கல்தானா என்று பார்த்துவிடலாம். தினமும் காலையில் ஒரு முறை போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கழிவு உடம்பில் தங்கி ரத்தத்தில் நஞ்சாகக் கலந்துவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அப்படி எதுவும் கலப்பதில்லை. ஒரு நாளைக்கு 3 முறை போகிறவரும் சரி, வாரத்துக்கு 3 முறை போகிறவரும் சரி, மலம் சிரமமில்லாமல் போகிறது என்றால் அது அவரவர் உடம்பின் இயல்பு. ஒரு நாள் போகவில்லை என்பதற்காக மாத்திரை தேட வேண்டியதே இல்லை. வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போவது, கெட்டியாக உருண்டை உருண்டையாகப் போவது, நெடுநேரம் முக்க வேண்டியிருப்பது, போய் வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிறது என்ற உணர்வு, இவையெல்லாம்தான் மலச்சிக்கலின் அடையாளங்கள். எத்தனை முறை போகிறீர்கள் என்பதைவிட எப்படிப் போகிறது என்பதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம்.

மலம் ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் மருந்துகள் என்ன செய்கின்றன என்பது தானாகவே விளங்கிவிடும். சாப்பாட்டில் உள்ள சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, மிச்சம் நீர்க்கக் கரைந்த நிலையில் பெருங்குடலுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் இப்படி வருகிறது. அதில் 100, 150 மில்லி போக மற்றதையெல்லாம் பெருங்குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, அப்படித்தான் மலம் உருவம் பெறுகிறது. குடல் மெதுவாக நகர்ந்தால், அல்லது வருகிற உணர்வை நாமே அடக்கி வைத்தால், மலம் அங்கே கூடுதல் நேரம் கிடக்கிறது, கிடக்கக் கிடக்க நீர் போய்க்கொண்டே இருக்கிறது, இறுகிக்கொண்டே போகிறது. ஆக, மலமிளக்கி செய்யக்கூடிய வேலைகள் சிலதான்: மலத்துக்குள் நீரைத் தங்க வைப்பது, மலத்தின் பருமனைக் கூட்டிக் குடலை நகர வைப்பது, குடல் தசையை நேரடியாகத் தூண்டிவிடுவது, வழுக்கிவிடுவது. கடையில் என்ன பெயரில் விற்றாலும் இதில் ஒன்றைத்தான் அது செய்யும், அல்லது இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்யும். அதனால் பாட்டிலின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள்.

இசப்கோலில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நிறைய வீடுகளில் இருப்பது அதுதான், தப்பாகச் சாப்பிடப்படுவதும் அதுதான். இது ஒரு செடியின் விதைமேல் இருக்கும் உமி, நார்ச்சத்து. நீரைக் குடித்து, சப்ஜா விதை ஊறுவது போல உப்பிக் கொழகொழவென்று ஆகி, மலத்தை மிருதுவாகவும் பருமனாகவும் ஆக்குகிறது. பருமன் கூடினால் குடல் சுவர் அதை உணர்ந்து தானாகவே நகர்த்தத் தொடங்கும். இதெல்லாம் ஓர் இரவில் நடக்கிற காரியம் இல்லை, முழுப் பலன் தெரிய 2, 3 நாள் ஆகும். முதல் நாள் ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்துவிட்டு "இது நமக்குக் கேட்காது" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அதற்கு நேரமே கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, வயிறு பழகப் பழகச் சில நாள் விட்டுக் கூட்டலாம். எடுத்த எடுப்பில் நிறையப் போட்டால் வயிறு உப்பிசமும் வாயுவும்தான் மிஞ்சும்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று தண்ணீர். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் நிறைய, 200 மில்லிக்குக் குறையாமல், கலந்த உடனே குடித்துவிட வேண்டும். உமியை வாயில் கொட்டிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அது தொண்டையிலோ உணவுக்குழாயிலோ உப்பி அடைத்துக்கொள்ளலாம், இது உண்மையான ஆபத்து. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் இருக்கும் வயதானவர்களுக்கும், இசப்கோல் வேண்டவே வேண்டாம். இரவு படுக்கப் போகும்போது பாலில் கலந்து குடித்துவிட்டு உடனே படுக்கிற வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், அதைச் சாயந்திரமோ ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்போ வைத்துக்கொள்ளலாம். வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கொழகொழப்பில் மாத்திரை சிக்கிச் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். அப்புறம், ஏற்கெனவே மலம் இறுகி அடைத்து நிற்கிற நிலையில் இசப்கோலைப் போடுவது அடைப்பின் மேல் அடைப்பை ஏற்றுகிற வேலை. அதுபோலவே, ட்ரமடால், கோடீன் மாதிரி ஓபியாய்டு வகை வலி மருந்துகளால் வந்த மலச்சிக்கலுக்கும் இது ஏற்றது இல்லை. அங்கே குடல் நகர்வதே குறைந்து கிடக்கிறது, பருமனைக் கூட்டி என்ன பயன்?

அடுத்தது நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் வகை. லாக்டுலோஸ் சிரப், பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி, மில்க் ஆஃப் மெக்னீசியா எனப்படும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு மூன்றும் இந்த வகையில் வரும். இவை அதிகம் உறிஞ்சப்படாமல் குடலுக்குள்ளேயே இருந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மலம் இளகுகிறது. லாக்டுலோஸ் பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லியில் ஆரம்பிப்பார்கள். இனிப்பாக இருக்கும், குடல் கிருமிகள் அதை நொதிக்க வைப்பதால் முதல் சில நாள் வாயு, வயிற்றில் குடுகுடு சத்தம் எல்லாம் இருக்கும், வேலை செய்ய 1 முதல் 2 நாள், சிலருக்கு 3 நாள்கூட ஆகும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வழக்கமான அளவில் எடுக்கலாம் என்றாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது நல்லது. பாலிஎத்திலீன் கிளைக்கால் பெரியவர்களுக்கு வழக்கமாக 17 கிராம் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து நாளைக்கு ஒரு முறை. இதற்கும் 1 முதல் 3 நாள் காத்திருக்க வேண்டும். லாக்டுலோஸ் அளவுக்கு வாயுத் தொல்லை இருக்காது. நாள்பட்ட மலச்சிக்கலுக்கு அமெரிக்காவின் இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கங்கள் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உறுதியாகப் பரிந்துரைத்த மருந்துகளில் இதுவும் ஒன்று. என்னைக் கேட்டால், இசப்கோலுக்கு மசியாத மலச்சிக்கலுக்கு அடுத்துக் கை வைக்க வேண்டியது இந்தப் பொடியில்தான், பேதி மாத்திரையில் இல்லை.

மெக்னீசியம் கொஞ்சம் வேறு குணம். அரை மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும், அதனால் வெளியே கிளம்பும் நேரத்தில் குடிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், இந்த மெக்னீசியத்தில் ஒரு பகுதி ரத்தத்தில் சேரும், அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வெளியேறாமல் தங்கி, தசைத் தளர்ச்சி, மயக்கம், இதயத் துடிப்பில் கோளாறு என்று போகலாம். கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று எப்போதாவது டாக்டர் சொல்லியிருந்தால் மெக்னீசியம் உள்ள எந்த மலமிளக்கியையும் கேட்காமல் தொடாதீர்கள். சோடியம் பாஸ்பேட் கலந்த மருந்துகளுக்கும், எனிமாக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இந்த பாஸ்பேட் மருந்தை 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014ல் எச்சரிக்கையே வெளியிட்டது, வயதானவர்களுக்குச் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்ட காரணத்தால்.

இப்போது நாம் பேதி மாத்திரை என்று சொல்கிற தூண்டும் வகைக்கு வருவோம். பிசகோடில், சோடியம் பைகோசல்பேட், நிலாவாரை ஆகியவை இதில் அடங்கும். பெருங்குடலின் நரம்புகளைத் தூண்டித் தசையைச் சுருங்க வைக்கின்றன, குடலுக்குள் நீரையும் வரவழைக்கின்றன. மாத்திரையாக எடுத்தால் வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவு படுக்கும்போது போடச் சொல்கிறார்கள், காலையில் வழக்கமான நேரத்தில் போகலாம். பிசகோடில் பெரியவர்களுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ. முதல் முறை போடுகிறவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் போதும். இரவு 10 மணிக்குப் போட்டுவிட்டு 12 மணிக்கு "ஒண்ணுமே தெரியலையே" என்று இன்னொன்று போடுவதுதான் ஆகாத காரியம். முதல் மாத்திரை இன்னும் பெருங்குடலை எட்டியே இருக்காது. விடிகாலையில் இரண்டும் சேர்ந்து வேலை காட்டும்போது அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும், தண்ணீராகப் போகும், தலை சுற்றும்.

பிசகோடில் மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அது வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகவே போடப்பட்டது. அதனால் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது, முழுதாகத் தண்ணீரில் விழுங்க வேண்டும். ராத்திரி மாத்திரையைப் பாலோடு சேர்த்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். பாலும் நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட்டும் வயிற்றின் அமிலத்தைக் குறைத்து அந்தப் பூச்சைச் சீக்கிரமே கரைத்துவிடும், வயிறு புரட்டும், வலிக்கும். குறைந்தது 1 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நிலாவாரை நம் ஊர்ச் சரக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது, உலகச் சந்தையில் அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். இந்த இலைதான் மலச்சிக்கலுக்கு விற்கப்படும் பல சூரணங்களிலும், உடம்பு இளைக்கும் என்று விற்கப்படும் சில மூலிகை டீக்களிலும் இருக்கிறது, சோனாமுகி என்ற பெயரிலும் அட்டையில் போட்டிருப்பார்கள். மூலிகை என்றால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்து வருடக்கணக்காக ராத்திரி ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்கிறவர்கள், தினமும் பேதி மாத்திரை போடுகிறவர்கள் செய்வதையேதான் செய்கிறார்கள். மாத்திரையில் உள்ள நிலாவாரைச் சத்துக்கு மில்லிகிராம் கணக்கு உண்டு. ஸ்பூன் கணக்கில் போடுகிற சூரணத்தில் அந்தத் துல்லியம் கிடைக்காது. இதைச் சாப்பிடும்போது சிறுநீர் மஞ்சள் பழுப்பாகவோ சிவந்தோ போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

விளக்கெண்ணெயும் தூண்டும் வகைதான், ஆனால் இது சிறுகுடலையே சேர்த்து உலுக்குவதால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் கடுமையாகவே போகும். பாட்டிகள் காலத்தில் மாதம் ஒரு முறை பிள்ளைகளுக்குக் கட்டாயமாகப் பேதிக்குக் கொடுத்த வழக்கம் பலருக்கும் நினைவிருக்கும். மலச்சிக்கல் இல்லாத பிள்ளைக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை, நீரும் உப்பும் இழந்து வாடிப்போவதுதான் மிச்சம். கர்ப்பிணிகள் விளக்கெண்ணெயைக் குடிக்கவே கூடாது, கருப்பையையும் அது சுருங்கத் தூண்டலாம்.

வழுக்கிவிடும் வகையில் லிக்விட் பாரஃபின் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் விற்கும் வெள்ளை நிறச் சிரப்புகள் பலவற்றில் இதுவும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கலந்திருக்கும், சிலவற்றில் மூன்றாவதாக சோடியம் பைகோசல்பேட்டும் சேர்ந்திருக்கும். பெயர் ஒன்று போலவே இருந்து, கடைசியில் 'பிளஸ்' என்று ஒரு வார்த்தை மட்டும் கூடியிருக்கலாம், அந்த ஒரு வார்த்தையில் தூண்டும் மருந்து ஒன்று உள்ளே வந்துவிடும், கவனியுங்கள். பாரஃபின் எண்ணெய் என்பதால் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். படுத்தபடியே இருப்பவர்களுக்கும், விழுங்கத் தடுமாறும் முதியவர்களுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும் இதைப் புகட்டக் கூடாது என்பது அதனால்தான். நீண்ட நாள் எடுத்தால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வதையும் தடுக்கும்.

உடனடியாகப் போயே ஆக வேண்டும், மலம் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, முக்கினால் வலிக்கிறது என்ற நிலையில் வாய்வழி மருந்தைவிட ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் அல்லது பிசகோடில் மருந்துதான் பொருத்தம், 15 நிமிடத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். வைக்கச் சங்கடப்பட்டுக்கொண்டு அதற்குப் பதிலாக நாலு மாத்திரையை விழுங்குவது எந்த விதத்திலும் மேல் இல்லை.

வேலை செய்த பிறகு என்ன ஆகிறது?

இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். சாதாரணமாக ஒரு முறை போகும்போது பெருங்குடலின் கடைசிப் பகுதி மட்டும்தான் காலியாகும். பேதி மாத்திரை போட்டு நாலைந்து முறை போனால் பெருங்குடலில் பெரும்பகுதியே காலியாகிவிடும். நாம் சாப்பிட்டது மலமாகி வெளியே வர இயல்பிலேயே 1 முதல் 3 நாள் ஆகிறது. அப்படியென்றால் நன்றாகப் பேதியான மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒன்றும் வராமல் இருப்பதுதான் இயற்கை, உள்ளே எதுவும் இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "பாருங்க, மாத்திரை போட்டாத்தான் போகுது, போடலன்னா நின்னுடுது" என்று அன்றைக்கு ராத்திரியே இன்னொன்றைப் போடுகிறோம். மறுபடியும் காலி, மறுபடியும் ஒன்றும் வராது, மறுபடியும் மாத்திரை. பல பேருடைய "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்ற நிலைமை இப்படித்தான் தொடங்குகிறது, அவர்களுடைய குடலில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே. ஒரு முறை நன்றாகப் போன பிறகு 2, 3 நாள் பொறுங்கள். அந்த நாட்களில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், குடல் நிறைந்தால்தானே அது நகரும்.

தூண்டும் மருந்துகளைத் தொடர்ந்து போட்டால் குடல் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும் என்று ஒரு பயமும் பரவலாக இருக்கிறது. சொன்ன அளவில் எடுக்கிறவர்களுக்கு அப்படி ஆகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. டாக்டர் சொல்லிப் படுக்கையில் உள்ள நோயாளிக்கோ புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கோ தினமும் கொடுக்கிறார்கள் என்றால் அதை நிறுத்திவிடாதீர்கள், அவர்களுக்கு அது அவசியம். கவலைப்பட வேண்டியது அளவு மீறிப் போடுவதைப் பற்றித்தான். அடிக்கடி தண்ணீராகப் போனால் பொட்டாசியம் இறங்கும், கை கால் சோர்ந்துவிடும், இதயத் துடிப்பு தப்பும். பிரஷருக்காகவோ கால் வீக்கத்துக்காகவோ நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்கும், இதயத்துக்கு டிகாக்சின் போடுகிறவர்களுக்கும் இது இரட்டை ஆபத்து. நீங்களாகவே கடையில் வாங்கிப் போடும் தூண்டும் மாத்திரையை 5 நாளைக்கு மேல் நீட்டாதீர்கள். அதற்கு மேலும் தேவைப்படுகிறது என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். உடம்பு இளைப்பதற்காக மலமிளக்கி சாப்பிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் அன்பாகச் சொல்லுங்கள்: சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, தராசில் குறைந்து தெரிவது தண்ணீர், குடித்தால் திரும்ப ஏறிவிடும், கெட்டுப்போவது உடம்பு மட்டும்தான்.

மாத்திரைக்கு முன்னால், மாத்திரையோடும்

சாப்பாடு, பழக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கவனிக்காமல் எந்த மருந்தும் நிலைக்காது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். மூன்று வேளையும் இட்லி, தோசை, வெள்ளைச் சோறு என்று போனால் அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வர முடியாது. கொய்யா, பப்பாளி, நன்றாகப் பழுத்த வாழைப்பழம், கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, சுண்டல், ஊற வைத்த உலர் திராட்சை என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவருக்குத் தண்ணீர் உதவும், ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கிறவர் இன்னும் இரண்டு லிட்டர் குடிப்பதால் மலம் இளகிவிடாது, கூடுதல் நீர் சிறுநீராகப் போய்விடும். காலைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்தில் குடல் இயல்பாகவே சுறுசுறுப்பாகும், அந்த நேரத்தை ஸ்கூல் பஸ்ஸுக்கும் ஆபீஸுக்கும் பறிகொடுத்துவிட்டு ராத்திரி மாத்திரை போடுகிறோம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருகிறவர்கள் காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் மலக்குடல் நேராகும், முக்குவது குறையும். வெளியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காததால் பகல் முழுக்க அடக்கிக்கொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்கு வரும் மலச்சிக்கலுக்கு மாத்திரை பாதித் தீர்வுகூட இல்லை, அந்த இடத்தில் ஒரு நல்ல கழிப்பறைதான் வேண்டும்.

மலம் மிருதுவாகவே இருக்கிறது, ஆனாலும் முக்கி முக்கித்தான் வருகிறது என்கிறவர்கள் தனி ரகம். முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை சிலருக்குத் தளராமல் இறுகும். இவர்களுக்கு மலமிளக்கியைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் இல்லை, பயோஃபீட்பேக் என்ற தசைப் பயிற்சி இருக்கிறது, குடல் நோய் நிபுணரைப் பார்த்தால் சொல்வார்.

நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த ஆன்டாசிட், சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் வெரபமில், கோடீன் கலந்த இருமல் சிரப் இவையெல்லாம் மலத்தை இறுக்கும். தைராய்டு குறைவு, நாள்பட்ட சர்க்கரை வியாதி, பார்கின்சன் நோய் இருந்தாலும் மலச்சிக்கல் வரும். இப்படிப்பட்ட காரணம் இருக்கும்போது அதைச் சரிபார்க்காமல் மலமிளக்கி மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் தொந்தரவு திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மாற்றிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் மலச்சிக்கல் சகஜம், இரும்புச்சத்து மாத்திரை அதை இன்னும் கூட்டும். இசப்கோலும் லாக்டுலோஸும் பொதுவாகப் பாதுகாப்பானவை, இருந்தாலும் பிரசவ டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கைவைத்தியம் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, முதல் ஒன்றரை மாதம் தாண்டிய பிறகு, நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கலாம். பால் நன்றாகக் குடித்து, எடை ஏறி, போகும்போது மலம் இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கலே இல்லை. பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே சரியாகப் போகவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டைச் செருகுவது, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவது இவையெல்லாம் இன்னமும் நடக்கின்றன. மெல்லிய தோல் புண்ணாகும், எண்ணெய் புரையேறினால் பிஞ்சு நுரையீரல் தாங்காது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஒரு முறை வலித்துவிட்டால் அடுத்த முறை பயந்துபோய் காலை இறுக்கிக்கொண்டு அடக்குவார்கள், அதில் மலம் மேலும் இறுகும், மேலும் வலிக்கும். அவர்களுக்குத் தேவை எடைக்கு ஏற்ற அளவில் டாக்டர் கொடுக்கும் லாக்டுலோஸோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ, அதைச் சில நேரம் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடும். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

வயதானவர்களிடம் ஒரு ஏமாற்று நிலை உண்டு. பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிய ஆரம்பிக்கும், வீட்டில் பேதி என்று நினைத்து பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே மலம் இறுகி அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர் மட்டும் வழிந்துகொண்டிருக்கும். டாக்டர் விரலால் சோதித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எந்த மலமிளக்கியையும் தொடக்கூடாத நேரமும் இருக்கிறது. கடுமையான வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பி விம்முவது, காற்றுகூடப் பிரியாமல் நிற்பது, காய்ச்சல் இவை சேர்ந்து வந்தால் அது குடல் அடைப்பாகவோ குடல்வால் அழற்சியாகவோ இருக்கலாம், அந்த நேரத்தில் தூண்டும் மாத்திரையைப் போட்டால் குடல் கிழியும் அபாயம் உண்டு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அன்றைக்கே. அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை என்று சில இருக்கின்றன: மலத்தில் ரத்தம், கரிய நிறத்தில் மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், எதற்கும் கேட்டுவிடுங்கள்), காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, 45, 50 வயதுக்கு மேல் புதிதாக மலப்பழக்கம் மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருப்பது. ரத்தம் வந்தாலே "மூலமாத்தான் இருக்கும்" என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது பெரிய தப்பு, மூலமும் புற்றுநோயும் ஒருவருக்கே ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மலச்சிக்கலுக்கு இதுவரை போட்டுப் பார்த்த சிரப், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறது, கெட்டியா இளக்கமா, மருந்து போட்ட எத்தனை மணி நேரத்தில் போனது என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், தினமும் பத்துப் பேர் வந்து அவரிடம் சொல்கிற விஷயம்தான் இது.